ஆணி அடித்த பெட்டி

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.
14 அக்டோபர் 2025

அன்பு மகள் தமயந்திக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, நலமாகவே இருக்கிறோம். அங்கே பின்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சுனிலும் காதை மூடிக்கொண்டு, நெஞ்சில் சளி கட்டாமல் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறோம். தினம் போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதற்கு ஒரு கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஐந்து நிமிடம் பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு, ரசத்துக்குப் பெருங்காயம் போட்டாயா என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதோடு எனக்கு முகத்துக்கு நேராகச் சொல்ல வராத விஷயம் ஒன்று இருக்கிறது. முதலில் நல்ல செய்தி. உன் அக்கார்டியன் நேற்று மத்தியானம் இங்கிருந்து புறப்பட்டுவிட்டது. விமானத்தில்தான் வருகிறது, பத்துப் பன்னிரண்டு நாளில் வந்து சேரும் என்றார்கள். பெட்டிக்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வரவேண்டும் என்று தனியாகக் கூரியரில் போடுகிறேன். இதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் பெட்டியில் கை வைக்க வேண்டும்.

வீட்டில் எல்லாம் வழக்கம் போல. மழை விட்டபாடில்லை, துணி காய மூன்று நாள் ஆகிறது. உன் அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார், இவளும் தினம் அரை மணி நேரம் வெளியே போகிறாள், ஆனால் மைதானத்து முனையில் இளநீர் வண்டிக்காரம்மாவோடு நின்று பேசிவிட்டு வருகிறாள். ஆயுத பூஜை நன்றாக நடந்தது. என் உளி, சுத்தியல், இழைப்புளி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். உன் அக்கார்டியனுக்கும் வைத்தேன், ஆனால் பயப்படாதே, நீ இங்கே இருந்தபோது ஒரு தடவை செய்தது போலக் கட்டைகளின் மேல் வைக்கவில்லை, அதன் உறைப்பெட்டியின் மேல் மட்டும்தான். மௌரீன் ஆன்ட்டிதான் அதற்கு என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்களே. பக்கத்து வீட்டில் இருந்து உனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்து, தனக்கு அதைத் தூக்க முடியாமல் போனதும் உனக்கே கொடுத்துவிட்டுப் போன மகராசி. இப்போது காக்ஸ் டவுனில் தங்கை வீட்டில் இருக்கிறார்கள். போன வாரம் தினம் போன் செய்து, 'முனியப்பா, பெல்லோஸுக்கு ரெண்டு ஸ்ட்ராப்பும் போட்டியா மேன், ஒண்ணு போட்டு வுட்டுடாத' என்று துருத்தி வாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இனி அந்தக் கஷ்டமான விஷயம். நீ மூன்று வருஷமாக இதை அனுப்பச் சொல்லிக் கேட்டாய். முதல் வருஷம், வெயிலில் உள்ளே ஸ்வரம் எழுப்புகிற ரீடு தகடுகளைப் பிடித்திருக்கும் மெழுகு உருகிவிடும், கப்பலில் போட்டால் வீணாகிவிடும் என்று சொன்னேன். அது பாதி உண்மை. விமானத்தில் அனுப்பலாம் என்று எனக்குத் தெரியும், அதை நான் சொல்லவில்லை. இரண்டாவது வருஷம் துருத்தியில் ஓட்டை விழுந்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அது முழுப் பொய். அது கட்டிலுக்குக் கீழே இருந்தது, நான் அந்தக் கட்டிலின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் உன்னிடம் வீடியோவில் பேசினேன். மூன்றாவது வருஷம் ஆயுத பூஜை முடியட்டும் என்றேன், அது முடிந்ததும் பொங்கல் முடியட்டும் என்றேன். அந்த ஊரில்தான் வீட்டுக்கு வீடு அக்கார்டியன் இருக்கிறதாமே, ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்றும் ஒரு நாள் சொன்னேன். 'அதெல்லாம் என்னுது இல்லப்பா' என்று சொல்லிவிட்டு நீ பேச்சை மாற்றிவிட்டாய். பிப்ரவரியில் நீங்கள் அங்கே சொந்தமாக வீடு வாங்கினீர்கள். ஏப்ரலுக்குப் பிறகு நீ அக்கார்டியன் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஜூன் மாதம் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே உன் அம்மா, 'ஏங்க, அவ கேக்கறதையே உட்டுட்டா, கவனிச்சீங்களா' என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, கீரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். சின்ன வயதில் ஒரு பென்சில் வேண்டும் என்றால்கூடக் கிடைக்கிறவரை விடாமல் கேட்பவள் நீ. இந்த அப்பனிடம் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டாயே என்று நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே கட்டிலுக்குக் கீழிருந்து அதை இழுத்தேன். உறைப்பெட்டியைத் திறந்ததும் ஒரு பூஞ்சை வாசம். தோள் வாரில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது, துருத்தியின் மூலைகளிலும் கொஞ்சம். வெள்ளைக் கட்டைகளில் மூன்று அழுத்தினால் கீழேயே நின்றுவிட்டன. உனக்காக இத்தனை வருஷம் தூக்கித் திரிந்திருக்கிறேனே தவிர எனக்கு ஒரு ஸ்வரம் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் அதில் காற்று போகிற சத்தம் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. சிவாஜி நகரில் ஆர்மோனியம், அக்கார்டியன் எல்லாம் பார்க்கிற ரகுராம் என்பவரிடம் ஆட்டோவில் எடுத்துப் போனேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, 'யாருங்க இத மூட்டை கட்டி வெச்சது, வாசிச்சிக்கினே இருந்தா இதுக்கு ஒண்ணும் ஆகாது, சும்மா வெச்சாத்தான் கெடும்' என்றார். வீட்டில் எலித் தொல்லை ஜாஸ்தி என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னேன். மூன்று மாதம் வைத்திருந்து மெழுகு புதிதாக வார்த்து, தோல் மாற்றி, ஒரு ரீடு புதிதாகப் போட்டுக் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது, இடது கைப் பக்கம் கடைசி வரிசையில் ஒரு பொத்தான் மட்டும் அழுத்திவிட்டால் சற்றுத் தாமதமாகத்தான் எழும்புகிறது. அதற்கு இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்றுவிட்டார். நீ வாசிக்கும்போது அது உனக்குத் தட்டுப்படும். அது நான் செய்தது, கண்ணு. என்னை மன்னித்துக்கொள்.

பேக்கிங் விஷயத்தில் மட்டும் நீ என்னை நம்பலாம். கார்கோ ஆபீசுக்குப் போன் செய்தபோது ஒரு பையன், அட்டைப் பெட்டியில் வைத்து பபிள் ஷீட் சுற்றிக் கொடுங்க அங்கிள், போதும் என்றான். முப்பத்தொரு வருஷம் லேத் மிஷின் கம்பெனியில் பேக்கிங் ஷெட் மேஸ்திரியாக இருந்தவனிடம் அட்டைப் பெட்டி என்கிறான், எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்துவிட்டேன். இரண்டு டன் மிஷினைக் கடல் தாண்டி அனுப்பி ஒரு கீறல் இல்லை என்று கடுதாசி வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த மிஷின் எதற்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை. லேத் கனம்தான், ஆனால் அதற்குள் மெழுகும் தோலும் காற்றும் இல்லை. இது பதினோரு கிலோ நானூறு கிராம், கனத்துக்குக் கனம், உள்ளே அத்தனையும் மெல்லிசு. துருத்திக்கு இரண்டு வாரும் போட்டேன், மௌரீன் ஆன்ட்டிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கட்டைகள் அதிராமலிருக்க அவற்றுக்கும் உறை மூடிக்கும் நடுவில் மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றேன். பழைய காட்டன் புடவை போதும் என்று சொன்னேன், உன் அம்மா உன் கல்யாணத்துக்குக் கட்டிய அந்த மாம்பழக் கலர் புடவையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. உறைப்பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குல ஃபோம், ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் ஆறு, அதற்கு வெளியே ப்ளைவுட் பெட்டி. சட்டத்துக்கும் மரம் போடாமல் ப்ளைவுட்டையே மூன்று பட்டையாக ஒட்டிப் போட்டேன். சாதா மரம் என்றால் பூச்சி இருக்கும் என்று சூடு காட்டி முத்திரை குத்தாமல் வெளிநாட்டில் வாங்க மாட்டார்கள், ப்ளைவுட்டுக்கு அந்தப் பேஜார் இல்லை. உள்ளே அது படுக்காமல், நீ மார்பில் மாட்டிக்கொள்ளும்போது எப்படி நிற்குமோ அப்படியே நிற்கிறது. படுக்க வைத்தால் உள்ளே இருக்கிற தோல் நாக்குகள் தொங்கிப்போகும் என்று ரகுராம் சொன்னார். கடைசியில் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தம் வரக்கூடாது, வரவில்லை. மொத்தம் முப்பத்தொரு கிலோ.

சனிக்கிழமை சாயங்காலம் மூடியைப் போட்டு இருபத்துநான்கு ஸ்க்ரூ முடுக்கி, கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். பெட்டியை எப்படித் திறப்பது, எதை முதலில் எடுப்பது என்று உனக்கு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது எங்கே என்று உன் அம்மா கேட்டாள். பத்திரமாக உள்ளே வைத்துவிட்டேன் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'பெட்டிய எப்படித் தொறக்கறதுன்னு எழுதின காகிதத்த பெட்டிக்குள்ளயே வெச்சா, அவ எப்படிங்க படிப்பா' என்றாள். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். அவள் சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நீயும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

மறுநாள் அதைத் திறக்க நீலசந்திராவிலிருந்து அய்யாவு மாமாவை வரச் சொன்னேன். ஷெட்டில் பதினேழு வருஷம் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பெட்டி அடித்தவர், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவாரே. அவர் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றித் தட்டில் போட்டார். பாதி கழற்றிவிட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, 'இன்னா மேஸ்திரி, ரிட்டர்ன் மாலா இது' என்று கேட்டார். உனக்கு இது புரியாது, சொல்கிறேன். எங்கள் ஷெட்டில் இரண்டே வகைப் பெட்டி. விற்றுப்போன மிஷின் என்றால் மூடிக்கு ஆணி. அது போய்ச் சேர்கிற இடத்தில் இருக்கப் போகிறது, பெட்டியை உடைத்துத்தான் எடுப்பார்கள். எக்சிபிஷனுக்குப் போகிற மிஷின் என்றால் மூடிக்கு ஸ்க்ரூ. பத்து நாள் காட்டிவிட்டு அதே பெட்டியில் திரும்பி வரவேண்டும், அதனால் பெட்டி கெடாமல் இருக்க வேண்டும். அதைத்தான் ரிட்டர்ன் மால் என்போம். அய்யாவு என்னைக் கிண்டல் செய்யவில்லை. தொழில் தெரிந்தவர், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். டீ குடித்துவிட்டு வரலாம் வா என்று கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்து ஸ்க்ரூ போடவில்லை. கை தானாகப் போட்டிருக்கிறது. டீக்கடையில் நின்றபோதுதான் மூன்று வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. நீ ஊருக்குப் போன அன்று ஏர்போர்ட்டில் உன் அம்மா அழுதாள், நான் அழவில்லை, அப்பாவுக்குக் கல் மனசு என்றுகூட நீ சொன்னாய். அக்கார்டியன் வீட்டில் இருக்கிற தைரியம் அது. அதை விட்டுவிட்டுப் போகிறவள் திரும்பி வராமல் எங்கே போவாள் என்று இருந்தேன். நீ பன்னிரண்டு வயதில் முதன்முதலாகக் கணபதி பண்டிகை மேடையில் வாசித்ததிலிருந்து ஒவ்வொரு மேடைக்கும் நான்தான் அதை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். நீ மேலே ஏறி வாசிப்பாய், கன்னடப் பாட்டு இரண்டு, தமிழ்ப் பாட்டு இரண்டு. நான் பின்வரிசையில் காலியான உறைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ வாசித்து முடித்ததும் அது பெட்டிக்குள் வரும், நாம் வீட்டுக்கு வருவோம். அதே நினைப்பிலேயே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. நீ அங்கே வீடு வாங்கி, அந்த ஊர்ப் பேச்சு கற்றுக்கொண்டு, குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாய். பத்து நாள் காட்டிவிட்டுத் திரும்புவதற்காக நீ போகவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது, அதற்குள் உன் பொருளையும் கெடுத்துவிட்டேன்.

டீக்கடையிலிருந்து வரும்போது வழியில் ஹார்ட்வேர் கடையில் ஒன்றரை இஞ்ச் ஆணி வாங்கிக்கொண்டு வந்தேன். அய்யாவு பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, மீதி ஸ்க்ரூவையும் கழற்றித் தட்டில் போட்டார். நாலு பக்கக் காகிதத்தை வெளியே எடுத்துக் கிழித்துப் போட்டேன், அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். ஷெட் வழக்கப்படி மூடியின் உள்பக்கத்தில் நானும் அவரும் பென்சிலால் பெயர் எழுதினோம். உன் அம்மா, 'புடவை என்னுது, என் பேரு எங்க' என்று பென்சிலை வாங்கி லட்சுமம்மா என்று எங்கள் இரண்டு பெயரையும் விடப் பெரிதாக எழுதிவிட்டாள். பிறகு மூடியைப் போட்டு அவர் அழுத்திப் பிடிக்க நான் ஆணி அடித்தேன். அதிர்ச்சி உள்ளே போகாமலிருக்க முதலில் மெல்லிசாகத் துளை போட்டுக்கொண்டு, ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டே அடி. ஒவ்வோர் அடிக்கும் பெட்டியில் காதை வைத்து உள்ளே ஏதாவது முனகுகிறதா என்று கேட்டேன். ஒரு முனகல் இல்லை. கடைசி ஆணி அடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வயசாகிவிட்டதல்லவா. அய்யாவு சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி அவரே அதை அடித்து முடித்தார். பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் மூடியில் தெரியும். மாப்பிள்ளை கேட்டால் அப்பா முதலில் தப்பாகப் போட்டுவிட்டார் என்று சொல். நேற்று வண்டிக்காரர் வந்து பெட்டியின் அடிப்பக்கம், மூலை, அம்புக்குறி எல்லாம் பார்த்துவிட்டு, 'யாவ மெஷின் சார் இது' என்று, இது எந்த மிஷின் என்று கன்னடத்தில் மரியாதையாகக் கேட்டார், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். உன் அம்மா வண்டிச் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துத்தான் அனுப்பினாள்.

இனி திறக்கிற முறை. பெட்டி வந்ததும் ஆசையில் உடனே திறக்காதே. வெளியே குளிரில் வந்தது, வீட்டுக்குள் இரண்டு நாள் அப்படியே நிற்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்து ரீடு துருப்பிடிக்கும். அம்புக்குறி மேலே பார்த்தே இருக்க வேண்டும். மூடியில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட பன்னிரண்டு ஆணியை மட்டும் பிடுங்கினால் போதும், மூடி வந்துவிடும். ஆணி பிடுங்குகிற கொறடு வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கு. மாப்பிள்ளைக்கு அவசரம் அதிகம், ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பப் பார்ப்பார், அவரைத் தூரமாக உட்கார வை. துருத்தி வாரை அவிழ்த்ததும் ஒரேயடியாக இழுக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விடட்டும். ஜூன் மாதம் எங்களை வரச் சொல்லி நீ கேட்டபோது முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, டிக்கெட் பார். மேடைக்குப் போவதானால் அதை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன், பதினோரு கிலோ இன்னும் தூக்குவேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, உங்கள் புது வீட்டில் நிறைவாக வாழ வேண்டும். உன் கை நோகாமல், உன் வாசிப்பு நிற்காமல் இருக்க வேண்டும். நீ தொடங்குவதெல்லாம் கூடிவர எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

ஒன்றே ஒன்று மறக்காதே. நம் வீட்டுப் பரணைப் பார்த்திருக்கிறாய். மிக்சி பெட்டி, டிவி பெட்டி, நீ பள்ளிக்கூடத்தில் போட்ட ஷூவின் பெட்டிகூட இன்னும் இருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் வேண்டும், எந்தப் பெட்டியையும் தூக்கிப் போடக் கூடாது என்று உன்னையும் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறேன். நீயும் என் பெண், எடுத்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும். மூடியை வேண்டுமானால் எங்கள் மூன்று பேர் பெயருக்காக வைத்துக்கொள். இந்தப் பெட்டியை மட்டும் எடுத்து வைக்காதே, அம்மா. உடைத்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
அ. முனியப்பன்